வெற்றிலை பாக்கும் ஒத்திகையும்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் நாடக டீச்சராக இருக்கிறேன். சம்பளம் 14,000. நாடக வகுப்பு போக, யார் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். காலாண்டு விடுமுறை முடிந்ததும் ஆண்டு விழா ஒத்திகை தொடங்கிவிடும். எட்டு வாரம், மாலை நாலரை முதல் ஆறு வரை. சனிக்கிழமையும் உண்டு. போன வருஷம் உடைக்கும் தெர்மாகோலுக்கும் கையிலிருந்து 3,200 ரூபாய் போட்டேன், இன்னும் வரவில்லை. விழா முடிந்தபின் ஏதாவது பார்த்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டதற்கு, "கலைக்குப் போய்க் கணக்குப் பார்க்கலாமா டீச்சர்?" என்றார்கள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நான் கேட்டது தப்பா? இந்த வருஷம் பூலித்தேவன் நாடகம். அறுபது பிள்ளைகளையும் மேடையேற்ற வேண்டுமாம். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

*

அன்புள்ள டீச்சர்,

கேட்டது தப்பில்லை. கேட்ட நேரம்தான் தப்பு. விழா முடிந்து, பந்தல் பிரித்து, போட்டோ எல்லாம் வாட்சப்பில் சுற்றி வந்த பிறகு கேட்டால் யாருக்குக் காது கேட்கும்?

நம் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களைப் பார்த்திருப்பீர்கள். சுடலைமாடனுக்குக் கொடை என்று நாள் குறித்ததும் கணியான் கூத்தை நடத்திப் பாடுகிற அண்ணாவியைத் தேடிப் போவார்கள். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுப்பார்கள். எத்தனை ராத்திரி, எத்தனை ஆள், சாப்பாடு யார் பொறுப்பு, மொத்தம் எவ்வளவு என்று எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அந்தக் கூத்தின் பறையான மகுடம் ஊருக்குள் வரும். சாமிக்கு முன்னால் பாடுகிறவர் அவர். அவரிடம் யாரும் 'கலைக்குக் கணக்கா' என்று கேட்பதில்லை.

தனித்தனி நடிகர்கள் ஒரு ராத்திரிக்கு ஒன்றுசேர்ந்து போடுகிற ஸ்பெஷல் நாடகமும் அப்படித்தான். ராஜபார்ட்டுக்குத் தனிப் பேச்சு, ஸ்திரீபார்ட்டுக்குத் தனி, பபூனுக்குத் தனி, ஆர்மோனியத்துக்கும் தனி. அவர்கள் இன்றும் நடிக்கிற நாடகங்களில் பலவற்றை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், அதாவது அன்றைய திருநெல்வேலி ஜில்லாக்காரர். தமிழ் நாடக உலகுக்கே வாத்தியார். கணக்குப் பேசிவிட்டு மேடையேறுவது நம் நாடகத்தின் பழைய வழக்கம், டீச்சர். நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். எட்டு வாரம், வாரம் ஐந்து நாள், தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் 60 மணி. ஆறு சனிக்கிழமை, நாலு மணி நேரம் வீதம் 24. வசனம் எழுத, உடை தேடி டவுனுக்கு அலைய 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 100 மணி நேரம். உங்கள் சம்பளத்தை மாதம் 25 நாள், தினம் 7 மணி என்று வகுத்தால் ஒரு மணிக்கு 80 ரூபாய். ஆகவே ஒரு ஆண்டு விழாவுக்கு நீங்கள் சும்மா கொடுத்தது 8,000 ரூபாய். அதற்கு மேல் அந்த 3,200. ஒத்திகை முடிந்த பிறகு, ஐப்பசி மழையில் கேட்டருகே கடைசிப் பிள்ளையின் அப்பா வரும்வரை குடையோடு நிற்பீர்களே, அதை நான் இதில் சேர்க்கவில்லை. நீங்கள் சேருங்கள். அதுவும் வேலைதான்.

விழா அன்று ராத்திரியே மைக் செட்காரருக்குப் பணம் போகிறது. மேக்கப்காரருக்கும் வாடகை உடைக்காரருக்கும் போகிறது. நாடகத்தை உண்டாக்கினவருக்கு மட்டும் பொன்னாடை. எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு பள்ளியின் விழாவுக்கு இரண்டு மாதம் உட்கார்ந்து நாடகம் எழுதிப் பழக்கிக் கொடுத்தேன். பொன்னாடையும் பஸ் சார்ஜும் கிடைத்தன. அந்தப் பொன்னாடை இப்போது எங்கள் வீட்டுத் தையல் மிஷின் மேல் கிடக்கிறது.

சட்டம் உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்கள் அப்போதைய தொழில் தகராறு சட்டப்படி 'தொழிலாளி' ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1988லேயே சொல்லிவிட்டது. ஓவர்டைம் கேட்டு அந்த வழியில் போக முடியாது. ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேர வேலை, 'தயாரிப்பு நேரம் உட்பட' என்று இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரைக்குமான சட்டம்தான். இருந்தாலும் தயாரிப்பும் வேலை என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. பேசும்போது உதவும்.

அரசுப் பள்ளிக்கு மாறிவிடலாமா என்று நினைத்தால், அங்கே நாடகத்துக்கென்று பணியிடமே இல்லை. ஓவியம், தையல், இசை, உடற்கல்வி என்று 2012ல் 16,549 பேரைப் பகுதிநேரமாக எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. தொகை பிறகு கூடியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல வருஷம் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் மாலை நேர நாடகத்துக்கு, கால்பந்துப் பயிற்சியாளருக்குக் கொடுப்பதைப் போல, தனித் தொகை ஒப்பந்தத்திலேயே இருக்கும். பயிற்சியாளரைவிட நமக்குக் குறைவு என்று நாடக ஆசிரியர்கள் அங்கேயும் புலம்புகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆகவே காலாண்டுப் பரீட்சைக்கு முன்பே, ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்ப் பேசுங்கள். 100 மணி நேரத்துக்கு 8,000. உடைச் செலவுக்குப் பள்ளியே முன்பணம் தர வேண்டும், உங்கள் பர்ஸ் திறக்காது. பணம் தர மனசில்லை என்றால் நேரம் கேளுங்கள்: வாரம் மூன்று கடைசிப் பீரியட் ஒத்திகைக்கு, அந்த எட்டு வாரமும் மாற்று வகுப்பு கிடையாது. இரண்டுமே இல்லை என்று கையை விரித்தால் நாடகத்தைப் பதினைந்து நிமிஷமாக்குங்கள். தரத்தைக் குறைக்காதீர்கள், அளவைக் குறையுங்கள். இதைச் சொல்லும்போது குரல் நடுங்கும்தான். பரவாயில்லை, நடுங்கிக்கொண்டே சொல்லுங்கள்.

அப்புறம், அந்த அறுபது பிள்ளைகள். பெற்றோர் எல்லாரும் தம் பிள்ளையை மேடையில் பார்க்க ஆசைப்படுவார்கள், நியாயம்தான். அதற்காக அறுபது பேருக்கும் வசனம் பழக்கினால் உடம்பு தாங்காது. பேசுவதற்கு எட்டுப் பேர் போதும். மீதிப் பேரைக் கோரஸாக வையுங்கள். வீட்டில் இருக்கிற வெள்ளை வேட்டியும் ஒரு சிவப்புத் துண்டும் போதும், வாடகை உடையே வேண்டாம். துண்டு தலைக்கு ஏறினால் படைவீரன், இடுப்புக்கு இறங்கினால் ஊர்க்காரன். பதினோராம் வகுப்பில் சத்தமாகப் பேசுகிற ஒரு பெண் கண்டிப்பாக இருப்பாள். கோரஸ் பொறுப்பை அவளிடம் விட்டுவிடுங்கள், உங்களுக்குப் பாதி மாலை மிச்சம்.

பூலித்தேவனின் நெற்கட்டும்செவல் கோட்டைக்கு தெர்மாகோல் வாங்கவே வாங்காதீர்கள். இருபது பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். 1755ல் கம்பெனிப் படையோடு கர்னல் ஹெரான் வந்து முட்டும்போது அந்தச் சுவர் அசையக் கூடாது. 1761ல் கம்பெனித் தளபதி யூசுப் கானின் பீரங்கி வெடிக்கும்போது மட்டும், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பிள்ளை உட்காரட்டும்.