தானியங்கி கேட்: ஸ்லைடிங்கா, ஸ்விங்கா?

ரிமோட்டை அழுத்தினால் மோட்டார் திறந்து மூடும் வாசல் கதவுதான் தானியங்கி கேட். வீட்டுக்கு எது சரி என்பதை விலையை விட இடம்தான் தீர்மானிக்கும்.

ஸ்விங் கேட் பீரோ கதவு மாதிரி. திறக்க முன்னால் காலி இடம் வேண்டும். பீரோவைக் கட்டிலை ஒட்டிப் போட்டால் அதன் கதவு பாதியில் நின்றுவிடும், அது போலத்தான். காரை வாசலை ஒட்டி நிறுத்துபவர்களுக்கும், உள்பக்கம் தரை மேடாக ஏறும் வீட்டுக்கும் இது ஒத்துவராது. முழுத் தகடு அடித்த கேட் என்றால் காற்று பாய்மரம் போலத் தள்ளும், மோட்டார் திணறும்.

ஸ்லைடிங் கேட் பஸ் ஜன்னல் கண்ணாடி போல, பக்கவாட்டில் நகரும். எடையைச் சக்கரங்கள் தாங்குவதால் மோட்டாருக்கு இழுக்கும் வேலை மட்டும்தான். ஆனால் 12 அடி வாசலுக்குப் பக்கத்தில் 12 அடிக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சுவர் வேண்டும். அப்புறம், சக்கரங்கள் ஓடும் தண்டவாளத்தில் சேரும் மண்ணையும் ஜல்லியையும் அடிக்கடி பெருக்க வேண்டும். இடம் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

எந்த வகையானாலும், குழந்தையோ நாயோ குறுக்கே வந்தால் கேட்டை நிறுத்தும் சென்சாரை விட்டுவிடாதீர்கள்.

கரண்ட் போனால் உள்ளேயே மாட்டிக்கொள்வோம் என்று பலர் பயப்படுகிறார்கள். மோட்டாரோடு வரும் சாவியால் பிடிப்பை விடுவித்துக் கையாலேயே தள்ளித் திறக்கலாம்.