பறவைப் பக்கம்: வாட்டர்ட்ராப்பர் பொறி வைக்குமா?

கே: தென்னாப்பிரிக்காவின் குரூகர் வனவிலங்குப் பூங்காவில் வாங்கிய பறவைப் பட்டியலில் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘வாட்டர்ட்ராப்பர்’ என்றும் ஆங்கிலத்தில் ‘ஃபின்ஃபுட்’ என்றும் ஒரே பறவைக்குப் போட்டிருக்கிறார்கள். தண்ணீரில் பொறி வைத்து இரை பிடிக்குமா? தமிழில் என்ன பெயர்?
– வாசகி, சாட்ஸ்வர்த்

ப: ஆங்கில ‘ட்ராப்’பை நினைத்துக் குழம்பிவிட்டீர்கள். ஆஃப்ரிகான்ஸில் அந்தச் சொல்லுக்குக் காலால் மிதிப்பது என்று பொருள். யாராவது நெருங்கினால் இந்தப் பறவை பெரும்பாலும் பறந்து தப்புவதில்லை. சிறகை அடித்துக்கொண்டு, நீர்ப்பரப்பைப் படபடவென மிதித்தபடி ஓடிக் கரை மறைவுக்குள் புகுந்துவிடும். அதைப் பார்த்து வைத்த பெயர் அது. ஆங்கிலப் பெயரோ விரல்களில் துடுப்பு மாதிரி விரிந்திருக்கும் சதை மடல்களைச் சொல்கிறது. அறிவியல் பெயரான ‘போடிகா செனகலென்சிஸ்’ செனகல் நாட்டைக் குறித்தாலும், சகாராவுக்குத் தெற்கே பல நாடுகளில் இது உண்டு. இந்தக் குடும்பத்தில் உலகம் முழுவதற்கும் மூன்றே இனங்கள்: ஆப்பிரிக்காவில் ஒன்று, ஆசியாவில் ஒன்று, அமெரிக்கக் கண்டத்தில் ஒன்று.

தமிழ்நாட்டு ஏரி குளங்களில் இல்லாத பறவை என்பதால் மக்கள் வாயில் புழங்கும் பெயர் இல்லை. ‘துடுப்புக்காலி’ என்று வைத்தால் நாமக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் அது பொருந்திப் போகும். அவற்றின் விரல்களிலும் மடல் உண்டு. ‘நீர்மிதிப்பான்’ என்பதே நம் தேர்வு.

கே: குரூகர் பூங்காவின் ஸ்குகுசா முகாம் அருகே, லேக் பேனிக் நீர்நிலையில் பறவை பார்க்கும் மறைவிடத்தில் இரண்டு முறை உட்கார்ந்தும் நீர்க்காகம்தான் கிடைத்தது. நீர்மிதிப்பானை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஃபீனிக்ஸ்

ப: இடம் சரிதான். பார்வை போகும் திசையைத்தான் மாற்ற வேண்டும். நடுநீரை விட்டுவிடுங்கள். கிளைகள் தாழ்ந்து தண்ணீரைத் தொடும் இடத்தில், கரையோர நிழலுக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொலைநோக்கியை மெல்ல நகர்த்துங்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. காற்றில்லாத நேரத்தில் நிழலுக்குள்ளிருந்து சிற்றலை வளையம் கிளம்பினால் அங்கேயே பார்வையை நிறுத்துங்கள். தலையை முன்னும் பின்னும் ஆட்டியபடி அது நீந்தி வரும்.

காலையில் முகாம் வாயில் திறந்ததும் போய், குறைந்தது ஒரு மணி நேரம் பேசாமல் இருங்கள். நிழலில் தேட 10x42 தொலைநோக்கியைவிட 8x42 நல்லது (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில்). கை நடுக்கம் குறைவாகத் தெரியும், படம் வெளிச்சமாக இருக்கும். பதிவு செய்த குரலை ஒலிக்க விடாதீர்கள். கரையில் இறங்கி நடக்கவே கூடாது. முதலையும் நீர்யானையும் உள்ள நீர் அது.

நீர்க்காகம் மூழ்கி மீன் பிடித்துவிட்டு, வெட்டவெளியில் சிறகை விரித்துக் காயவைக்கும். பாம்புத்தாரா பல நேரம் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். நீர்மிதிப்பான் தாழ்வாக நீந்தினாலும் முதுகு வெளியே தெரியும். அதில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். நீண்ட விறைத்த வால் நீரோடு படிந்து கிடக்கும். ஆணின் கழுத்து சாம்பல் நிறம், பெண்ணுக்குத் தொண்டை வெள்ளை. சந்தேகம் தீராவிட்டால், கிளையிலோ கரையிலோ ஏறும்வரை காத்திருந்து காலைப் பாருங்கள். பளிச்சென்ற செம்மஞ்சள் கால். வேறெதோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

கே: டொங்காட் பக்கம் எங்கள் நிலம் ஆற்றைத் தொட்டபடி இருக்கிறது. தண்ணீர்மேல் சாய்ந்த கிளைகளை வெட்டிவிடலாமா?
– வாசகர், வெருலம்

ப: தயவுசெய்து வெட்டாதீர்கள். நீர்மிதிப்பான் கூடு கட்டுவது அப்படிச் சாய்ந்த கிளைகளில்தான். வெள்ளம் கொண்டுவந்து செருகிய சுள்ளி, சருகுக் குவியல்தான் அதற்கு அடித்தளம். சாதாரணமாக இரண்டு முட்டை இடும். தும்பி, நண்டு, நத்தை என்று அது தின்னும் இரையும் அந்த நிழலை ஒட்டியே கிடைக்கிறது. உலக அளவில் இதற்கு உடனடி ஆபத்தில்லை. ஆனால் 2015-ல் வெளியான தென்னாப்பிரிக்கச் சிவப்புப் பட்டியல் இங்கே இதை அழிவுக்கு ஆளாகக்கூடியதாகவே வைத்தது. கரும்பை நீர்விளிம்பு வரை நட்டால் மழையில் மண் கரைந்து ஆழமான மடுக்கள் தூர்ந்துபோகும். ஆற்றை அளவுமீறி இறைத்தால் நீர் கிளையை விட்டு விலகிவிடும். தண்ணீருக்கு இறங்க வழி வேண்டுமென்றால் ஒரே இடத்தில் ஆள் நுழையும் அகலத்துக்கு மட்டும் திறந்துகொண்டு, மற்ற கரையை அப்படியே விடுங்கள். கிளையில் சிக்கிய வெள்ளச் சருகையும் எடுக்க வேண்டாம்.