"இதை எப்படி எடுப்பது?" போனிலும் டிவியிலும் வந்து உட்கார்ந்த ஏஐ பற்றிய கேள்வி பதில்

திருச்சியில் போன், லேப்டாப் சர்வீஸ் பார்க்க ஆரம்பித்து இருபத்து மூன்று வருடமாகிறது. முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் "இதை எப்படிப் போடுவது?" என்று கேட்பார்கள். இரண்டு வருடமாக "இதை எப்படி எடுப்பது?" என்கிறார்கள். ஏஐ பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்றதும் வந்து குவிந்தவற்றில் பாதிக்கு மேல் அந்த ரகம்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர், லால்குடி: வாட்ஸ்அப்பில் நீலமும் ஊதாவுமாக ஒரு வட்டம் வந்து நிற்கிறது. "அதுதான் தாத்தா ஏஐ" என்கிறான் பேரன். குடும்ப குரூப்பில் நாங்கள் பேசுவதையெல்லாம் அது படிக்கிறதா? எப்படி நீக்குவது?

ஐயா, நீங்களும் உறவுக்காரர்களும் அனுப்பிக்கொள்ளும் செய்திகள் பூட்டுப் போட்டுத்தான் போகின்றன. அந்த வட்டம் வாட்ஸ்அப்பின் சொந்தக்காரரான மெட்டா கம்பெனியின் ஏஐ. அது தானாக எட்டிப் பார்ப்பதில்லை. குரூப்பில் யாராவது @ போட்டு அதைக் கூப்பிட்டால், கூப்பிட்ட அந்தச் செய்தி அதற்குப் போகும்.

அந்த வட்டத்தைத் தொட்டு நீங்களே அதோடு பேசுவது வேறு கதை. அந்தப் பேச்சு நேராகக் கம்பெனிக்குப் போகிறது. வாட்ஸ்அப்பை பேஸ்புக் கணக்கோடு இணைத்து வைத்திருப்பவர்களுக்கு, 2025 டிசம்பர் 16 முதல், அதனிடம் பேசியதை வைத்தும் விளம்பரம் தேர்வு செய்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், தென்கொரியா ஆகிய இடங்களுக்கு மட்டும் விலக்கு. வீட்டுக்கடன், பேத்திக்கு வரன் பார்ப்பது போன்றவற்றை அதனிடம் சொல்ல வேண்டாம்.

வட்டத்தை அடியோடு எடுக்க வழி கொடுக்கவில்லை. குரூப்பின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் "அட்வான்ஸ்டு சாட் பிரைவசி" என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் அந்த குரூப்புக்குள் யாரும் அதைக் கூப்பிட முடியாது. கேட்காமல் கொண்டுவந்து வைத்தார்களே என்ற உங்கள் வருத்தம் லால்குடியோடு நிற்கவில்லை. இத்தாலியில் வர்த்தகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் 2025 ஜூலையில் இதே காரணத்துக்காக மெட்டா மேல் விசாரணை தொடங்கியது.

இல்லத்தரசி, திண்டுக்கல்: அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். அணைக்கப் போனால் அணையவே மாட்டேன் என்கிறது, ஏதோ பேசுகிறது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் போன் அணையும் என்று இத்தனை வருடம் பழகி வைத்திருக்கிறோம். இப்போது பல போன்களில் அதே அழுத்தலுக்கு ஏஐ உதவியாளர் எழுந்து வருகிறது. செட்டிங்ஸில் மேலே உள்ள தேடும் பெட்டியில் "பவர்" அல்லது "சைடு பட்டன்" என்று அடித்துப் பாருங்கள். அழுத்திப் பிடித்தால் என்ன வரவேண்டும் என்று கேட்கும் இடத்தில் பவர் மெனுவைத் தேர்ந்தெடுத்தால் பழையபடி ஆகிவிடும். அதுவரை பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அணைக்கும் மெனு வரும். சில போனில் மேல் வால்யூம், சில போனில் கீழ்.

இதே பிரச்சினையோடு பூக்கட்டும் அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். போனை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். ராத்திரி யாரோ உள்ளே இருந்து பேசுவதாகப் பயந்து, சார்ஜ் தீர்ந்து தானாக அணையட்டும் என்று இரண்டு நாள் அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறார். ஒரு நிமிட வேலையில் மாற்றிக் கொடுத்தேன். அணைத்துப் பார்த்தார், மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்த பிறகு, "வசதிக்காகத்தானே மாற்றினோம்" என்று எந்தக் கம்பெனி சொன்னாலும் எனக்கு ஒப்பவில்லை.

மென்பொருள் பொறியாளர், கோவை: கால்குலேட்டர் வந்தபோதும் எதிர்த்தார்கள், இன்டர்நெட் வந்தபோதும் எதிர்த்தார்கள். இதுவும் புதியதைப் பார்த்து வரும் பயம்தானே? கொஞ்ச நாளில் பழகிவிடாதா?

தம்பி, இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மைக்ரோசாஃப்ட் 2024 மே 20 அன்று "ரீகால்" என்று ஒன்றை அறிவித்தது. கம்ப்யூட்டர் திரையைச் சில நொடிகளுக்கு ஒருமுறை படம் எடுத்துச் சேர்த்து வைக்கும். "போன வாரம் பார்த்தேனே, அந்தப் பச்சைப் புடவை" என்று தேடினால் எடுத்துக் கொடுக்கும். யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எதிர்த்தவர்கள் யார் என்று பாருங்கள். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் இல்லை. கெவின் போமான்ட் போன்ற பாதுகாப்பு நிபுணர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். படங்களில் இருந்த எழுத்தெல்லாம் சாதாரண டேட்டாபேஸ் கோப்பில், யார் திறந்தாலும் படிக்கிற மாதிரி கிடந்தது. பேங்க் பாலன்ஸ், டாக்டர் ரிப்போர்ட், கணவனுக்குத் தெரியாமல் ஒரு பெண் தன் அம்மாவுக்கு அனுப்பிய கடிதம் என எதுவும் அதில் இருக்கலாம். உள்ளே நுழையும் ஒரு வைரஸுக்கு அத்தனையும் ஒரே மூட்டையாகக் கிடைத்துவிடும். வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்கும் ஆளுக்கும் அப்படித்தான்.

கூச்சல் எழுந்தது. ஜூன் 7 அன்று, நீங்களாக விரும்பிப் போட்டால் மட்டுமே ஓடும் என்று மாற்றினார்கள். அடுத்த வாரமே வெளியீட்டைத் தள்ளி வைத்தார்கள். மாற்றியமைத்து, ஏஐக்கென்று வந்த புது வகை விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குக் கொடுத்தது 2025 ஏப்ரலில்தான். முகம் காட்டியோ விரல் வைத்தோ பின் நம்பர் போட்டோதான் திறக்க முடியும், உள்ளே இருப்பது பூட்டப்பட்டிருக்கும். அப்போதும் திருப்தியில்லாமல், வாட்ஸ்அப் போலச் செய்தி அனுப்பும் சிக்னல் ஆப் தன் ஜன்னலை ரீகால் படமெடுக்க முடியாதபடி 2025 மே மாதம் தடுத்துக்கொண்டது.

பழகிவிடட்டும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் முதலில் வந்த அந்தத் திறந்த மூட்டைதான் இன்று எத்தனையோ மேசைகளில் இருந்திருக்கும். கால்குலேட்டரை நாம் கையில் எடுத்தால்தான் அது கணக்குப் போட்டது. என் கடைக்கு வருகிறவர்களின் கோபம் முக்கால்வாசி நேரம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." அதைப் பயம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. நீங்கள் இந்தத் துறையிலேயே இருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு வசதியைத் தானாகவே ஆன் செய்து வைக்கலாமா என்று உங்கள் மீட்டிங்கில் பேச்சு வந்தால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.

செவிலியர், சிங்கப்பூர்: நோட்டிபிகேஷன்களை ஏஐ சுருக்கித் தருகிறது. டியூட்டி நடுவில் அதை மட்டும் பார்த்துக்கொள்ளலாமா?

செய்திக்கு வேண்டாம் சகோதரி. 2024 டிசம்பரில் ஐபோன் சுருக்கம் ஒன்று, கொலைக் குற்றச்சாட்டில் சிறையிலிருந்த ஒருவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டதாக பிபிசியின் பெயரிலேயே காட்டியது. பிபிசி அப்படிச் சொல்லவே இல்லை. அவர்கள் புகார் செய்ய, 2025 ஜனவரியில் செய்தி ஆப்களுக்கான சுருக்கத்தை ஆப்பிள் நிறுத்தி வைத்தது. ஊரிலிருந்து வரும் குடும்பச் செய்தியை வேலை முடிந்ததும் முழுதாகப் படியுங்கள். "அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை" என்பதில் "இல்லை" விடுபட்டுப்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டுடியோ வைத்திருப்பவர், நாகர்கோவில்: போன் கேமராவில் நிலா இவ்வளவு துல்லியமாக வருகிறதே, லென்ஸா ஏஐயா?

இரண்டும். 2023 மார்ச்சில் ஒருவர் அழகான சோதனை செய்தார். நிலாப் படம் ஒன்றை 170 பிக்சலுக்குச் சுருக்கி, மேலும் மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு அறையின் மறுகோடியிலிருந்து சாம்சங் போனில் படமெடுத்தார். திரையில் இருந்தது வெறும் மங்கல் வட்டம். போனில் விழுந்த படத்தில் பள்ளங்களும் மேடுகளும் இருந்தன. நிலா என்று அடையாளம் தெரிந்ததும் விவரங்களை மேம்படுத்துகிறோம் என்று கம்பெனியும் விளக்கியது. கேமராவில் "சீன் ஆப்டிமைசர்" என்பதை அணைத்தால் அது நிற்கும்.

கல்யாண ஆல்பம் போடுகிற உங்களுக்கு இது முக்கியம். மணப்பெண்ணின் கன்னத்து மச்சத்தை மென்மையாக்கி எடுத்துவிட்டால், அது அந்தப் பெண் இல்லையே. வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கணக்காளர், சிட்னி: வேர்ட், எக்செல் சந்தா திடீரென ஏறியது. நான் ஏஐயைத் தொட்டதே இல்லை. ஏன் கட்ட வேண்டும்?

கட்டியிருக்கத் தேவையில்லை, அதுதான் கொடுமை. மைக்ரோசாஃப்ட் தன் ஏஐ உதவியாளரான கோபைலட்டைச் சேர்த்துவிட்டு உங்கள் நாட்டில் தனிநபர் ஆண்டுச் சந்தாவை 109 டாலரிலிருந்து 159 ஆக்கியது. ஏஐ இல்லாத "கிளாசிக்" திட்டம் பழைய விலையிலேயே இருந்தது. ஆனால் சந்தாவை ரத்து செய்யப் போனால்தான் அது கண்ணில் படும். சுமார் 27 லட்சம் பேரை இப்படித் தவறாக வழிநடத்தியதாகச் சொல்லி ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குப் போட்டது. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் மன்னிப்புக் கேட்டு, பழைய திட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்குப் பணம் திருப்பித் தருவதாகச் சொன்னது. அந்த மின்னஞ்சல் உங்களுக்கும் வந்திருக்கும், தேடிப் பாருங்கள். கெடு இன்னும் இருக்கிறதா என்றும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவி, தஞ்சாவூர்: சிம்மோடு ஏஐ இலவசமாகத் தருகிறார்களே, வாங்கிக்கொள்ளலாமா அண்ணா?

இப்போதும் கிடைத்தால் வாங்கிக்கொள் தங்கச்சி, படிப்புக்கு உதவும். 2025 ஜூலையில் ஏர்டெல் பெர்ப்ளெக்சிட்டியைக் கொடுத்தது, அக்டோபர் கடைசியில் ஜியோ ஜெமினியை 18 மாதத்துக்கு அறிவித்தது, நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோ எந்த சிம்மாக இருந்தாலும் ஒரு வருடம் இலவசம் என்று அந்தக் கம்பெனியே சொன்னது. பழக்கம் பிடித்த பிறகு பணம் கேட்பார்கள் என்பது வெளிப்படை. கார்டோ யுபிஐயோ கொடுத்திருந்தால், இலவசம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பு என்று காலண்டரில் இன்றைக்கே குறித்து வை. யுபிஐ ஆப்பில் "ஆட்டோபே" பகுதிக்குப் போய், உன் பெயரில் என்னென்ன அனுமதி கிடக்கிறது என்றும் பார்த்துக்கொள்.

பலர்: ஏஐ டிவி, ஏஐ வாஷிங் மெஷின் வாங்கலாமா?

வாஷிங் மெஷினில் பெரும்பாலும் துணியின் எடையையும் தன்மையையும் பார்த்துச் சுழற்சியை மாற்றுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நல்ல வசதிதான், ஆனால் அந்த இரண்டெழுத்துக்காகக் கூடுதல் ஆயிரங்கள் கொடுக்காதீர்கள். டிவி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: வாங்கிய பிறகும் அப்டேட்டில் புதியவை வந்து இறங்கும். 2025 டிசம்பரில் எல்ஜி டிவிகளில் கோபைலட் அப்படி வந்து, நீக்க முடியாமல் நின்றது. மக்கள் சத்தம் போட்ட பிறகே நீக்க வழி செய்வதாகச் சொன்னார்கள்.

பார்வையற்ற ஆசிரியர், மதுரை: எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கு இது வரமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் என்ன இருக்கிறது என்று முதல்முறையாக யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்கிறேன். நான் நினைப்பது தவறா?

சார், தவறே இல்லை. பார்வையற்றவர்களுக்கான "பீ மை ஐஸ்" ஆப் 2023-லேயே படத்தை விவரிக்கும் ஏஐயைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டில் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கும் ஜெமினியை வைத்துப் படத்தை விவரிக்கிறது. நீங்கள் தேடிப் போய் எடுத்துக்கொண்டீர்கள், வேண்டாத நேரம் மூடி வைக்கிறீர்கள். மற்றவர்கள் கேட்பதும் அந்த உரிமையைத்தான். மாத்திரை அட்டையின் பெயர், காலாவதித் தேதி இரண்டை மட்டும் மருந்துக்கடைக்காரரிடம் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இது தப்பாகச் சொல்லும்போதும் அதே தைரியமான குரலில்தான் சொல்லும்.

மளிகைக் கடைக்காரர், புதுக்கோட்டை: பிடிக்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? நம் பேச்சைக் கேட்பார்களா?

மேலே எழுதியவற்றில் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் நாட்டிலும் பிடிமானம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகைத் திரை வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாவில் சிக்க வைப்பதும், ஒன்றை வாங்க வேறொன்றைக் கட்டாயப்படுத்துவதும் அதில் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அழைக்கும் முன் பில், ஸ்கிரீன்ஷாட், அப்டேட் வந்த தேதி மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாவிட்டால் கடைப்பையனிடம் சொல்லி இன்னொரு போனில் திரையைப் படமெடுத்தாலும் போதும்.