பேட்டரியை மாற்றுமுன் மீட்டரைப் பிடியுங்கள்

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: என்னுடையது 1988 நிசான் சனி, பீ-12. ஒரு வருடத்துக்குள் இரண்டாவது பேட்டரியும் போட்டாயிற்று. பொழுது சாய்ந்து நானுஓயா பக்கம் பனிமூட்டம் இறங்கினால் ஹெட்லைட், வைப்பர், புளோவர் மூன்றையும் போட்டுத்தான் ஓட வேண்டும். அன்றைக்கு லைட் மங்கும், மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகாது. டாஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிவதே இல்லை. அதனால் சார்ஜ் சரியாக இருக்கிறது என்கிறார்கள். மலை ஏற்றத்தில் சார்ஜ் ஆகாது என்பது உண்மையா?
– தலவாக்கலை வாசகர்

பதில்: ஏற்றத்தின் மேல் பழி போடாதீர்கள். இரண்டாம் கியரில் ஏறும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் ஒல்டர்னேட்டரும் கூடவே சுற்றுகிறது. கஷ்டம் வருவது வாகன வரிசையில் ஸ்லோவில் (அக்சிலேட்டரை மிதிக்காமல்) நிற்கும்போதுதான். 55 வாட் ஹெட்லைட் இரண்டுக்கே 9 அம்பியர் போகிறது. வைப்பர், புளோவர், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தால் 20 அம்பியரைத் தாண்டிவிடும். ஸ்லோவில் அவ்வளவையும் கொடுக்கப் பழைய ஒல்டர்னேட்டர் திணறும்.

நீங்கள் எழுதியதில் முக்கியமானது அந்தச் சிவப்பு விளக்கு. “எரிவதே இல்லை” என்றால், சாவியை ‘ஓன்’ வைத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இருக்கும்போதும் எரிவதில்லையா? அப்போது அது கட்டாயம் எரிய வேண்டும். அந்த பல்ப் வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஒல்டர்னேட்டரை முதலில் உசுப்புகிறது. பல்ப் போயிருந்தால் ஸ்லோவில் சார்ஜே தொடங்காது. ஒரு தடவை வேகமாக அக்சிலேட்டரை மிதித்தபிறகே தொடங்கும், சில நேரம் அதுவும் இல்லை. சில ரூபாய் பல்புக்காக இரண்டு பேட்டரி மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

சாவி போட்டும் விளக்கு எரியவில்லை என்றால், ஒல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் இரண்டு வயர் பிளக்கைக் கழற்றுங்கள். அதில் ஒன்று எஸ், மற்றது எல். சாவி ஓஃப் ஆக இருக்கும்போதே மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டுவது எஸ். அது நேரே பேட்டரிக்குப் போகிறது, அதைத் தவறியும் பாடியில் தொடவிடாதீர்கள், பியூஸ் எரியும். மற்றதுதான் எல். சாவியை ஓன் வைத்து, எல் வயரை மட்டும் ஒரு துண்டு வயரால் எஞ்சின் பாடியில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பல்பும் வயரிங்கும் நல்லது, பழுது ஒல்டர்னேட்டருக்குள்ளே: கார்பன் (சுற்றும் பாகத்தில் உரசி மின்சாரம் கொடுக்கும் பிரஷ்) தேய்ந்திருக்கும் அல்லது வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கும். எரியாவிட்டால் பல்ப், டாஷ்போர்டு மீட்டருக்கான பியூஸ், வயர் என்று தேடுங்கள். சாவி ஓஃப் இருக்கும்போது இரண்டிலுமே 12 வோல்ட் வரவில்லை என்றால் எஸ் வயரின் பியூஸைப் பாருங்கள்.

அடுத்து மீட்டர். சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. எஞ்சினை ஸ்டார்ட் செய்து நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றில் வைத்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். லைட், புளோவர், வைப்பர் எல்லாவற்றையும் போட்ட பிறகும் அதே சுற்றில் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரித் தண்ணீர் கொதித்துக் குறையும், பல்புகள் அடிக்கடி போகும்.

வோல்ட் குறைவாக இருந்தாலும் ஒல்டர்னேட்டரை உடனே கழற்ற வேண்டாம். லோடு போட்டு எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ஒல்டர்னேட்டரின் தடித்த பி போல்ட்டிலும் (பேட்டரிக்கு வயர் போகும் போல்ட்), மறுமுனையை பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழிலும் வையுங்கள். கிளிப்பின் மேல் வைத்தால் கிளிப்புக்கும் குமிழுக்கும் இடையில் இருக்கும் பழுது தெரியாது. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை. பேட்டரி மைனஸ் குமிழுக்கும் ஒல்டர்னேட்டர் பாடிக்கும் இடையில் 0.2-க்கு மேல் என்றால் எர்த் மோசம். மலைநாட்டு ஈரத்தில் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டிதான் முதலில் உக்குகிறது. வெளியே நன்றாகத் தெரியும், போல்ட்டைக் கழற்றினால் அடியில் துரு செதில் செதிலாக உதிரும். அங்கே உலோகம் பளபளக்கும்வரை சுரண்டுங்கள். பேட்டரி கிளிப்பில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை, ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து கழுவலாம். அது பேட்டரி மூடித் துளைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டையும் விடாதீர்கள். நீளமான பக்கத்தின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மி.மீ. இறங்க வேண்டும். புல்லியின் பள்ளத்துக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கினால் பெல்ட் தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், மழையில் கீச்சிடும். புதிது போடுங்கள். சோப்புத் தேய்ப்பது வேண்டாம்.

கேள்வி: கொரோலா டி.எக்ஸ். வேகன். ஓடும்போது சார்ஜ் நன்றாக இருக்கிறது. மூன்று, நான்கு நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி செத்துவிடுகிறது. புதிய பேட்டரிதான்.
– ஹட்டன் வாசகர்

பதில்: எங்கோ கசிவு. சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரியின் மைனஸ் கிளிப்பைக் கழற்றுங்கள். மீட்டரை 10 அம்பியர் அளவில் வைத்து, கிளிப்புக்கும் மைனஸ் குமிழுக்கும் இடையில் இணையுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட்டர் அடிக்கவே கூடாது, மீட்டர் பியூஸ் போய்விடும். 0.05 அம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. அரை அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 அம்பியர்-மணி, 45 அம்பியர்-மணி பேட்டரி நாலு நாள் தாங்காது. உங்கள் கணக்கும் அதுதான்.

பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது அளவு விழுகிறதோ, பழுது அந்த வழியில். பிற்பாடு பூட்டிய ரேடியோ, டிக்கி லைட், அலாரம் ஆகியவையே அடிக்கடி குற்றவாளி. எதை உருவினாலும் குறையாவிட்டால், மைனஸ் முழுதாகக் கழன்றிருக்கும்போது ஒல்டர்னேட்டரின் பி வயரைக் கழற்றி, முனையை டேப் சுற்றித் தனியாக வைத்து மறுபடி அளந்து பாருங்கள். இப்போது விழுந்தால் உள்ளே டயோட் (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) ஒழுகுகிறது. ஓடும்போது மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து பேட்டரியில் பிடித்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவதும் டயோட் பழுதின் அடையாளம். இதற்கு டயோட் தட்டை மட்டும் மாற்றினால் போதும், முழு ஒல்டர்னேட்டர் வாங்கத் தேவையில்லை.

கேள்வி: சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கிறார் எங்கள் பாஸ் (மெக்கானிக்). சரிதானா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: தயவுசெய்து செய்யவிடாதீர்கள். ஒல்டர்னேட்டருக்கு முன்பிருந்த டைனமோ காலத்துப் பழக்கம் இது. பேட்டரி கழன்ற நொடியில் ஒல்டர்னேட்டரின் வோல்ட் பல மடங்கு எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் எரிக்கும், இ.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிக்கும்) கார் என்றால் கம்ப்யூட்டரையும் சேர்த்து. எஞ்சின் நிற்காமல் ஓடுவதால் சார்ஜ் சரியாக இருப்பதாகவும் ஆகாது.

கேள்வி: அப்பா காலத்து மொரிஸ் மைனர். ஸ்லோவில் சிவப்பு விளக்கு மினுமினுக்கிறது, ஓடினால் அணைகிறது. டைனமோவை மாற்ற வேண்டுமா?
– நுவரெலியா வாசகி

பதில்: வேண்டாம். டைனமோ ஸ்லோவில் சார்ஜ் பண்ணாது, வேகம் ஏறியதும் விளக்கு அணைந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. சந்தேகம் இருந்தால் டைனமோவிலிருந்து டி (சார்ஜ் வரும் வயர்), எஃப் (ஃபீல்ட் வயர்) இரண்டையும் கழற்றி, டைனமோவின் அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். அதற்கும் பாடிக்கும் இடையில் மீட்டரைப் பிடித்து, எஞ்சினை மெல்ல ஏற்றுங்கள். 1000 சுற்றுக்குள் வோல்ட் தடையில்லாமல் 20 வரை ஏற வேண்டும். 20-இல் நிறுத்திவிடுங்கள். ஒன்றும் காட்டாவிட்டால் கார்பனைப் பாருங்கள். ஒரு வோல்ட்டோடு நின்றால் பழுது ஃபீல்ட் சுருளில் (சுற்றாமல் நிற்கும் சுருள்), நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சரில் (உள்ளே சுற்றும் பாகம்). டைனமோ நல்லதாக இருந்தும் சார்ஜ் இல்லை என்றால் டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்அவுட் பெட்டியைப் பார்க்க வேண்டும்.

உங்கள் கார் பழைய வயரிங்கிலேயே இருந்தால் பிளஸ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். புதிய பேட்டரி போடுகிறவர் பழக்கத்தில் மைனஸை அங்கே பூட்டிவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். டைனமோவின் பின் முனையில் ஒரு சிறு துளை இருக்கும், சர்வீஸுக்குச் சர்வீஸ் அதில் இரண்டு, மூன்று சொட்டு எஞ்சின் ஒயில் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் ஒயில் உள்ளே தெறித்துக் கார்பனில் படியும்.