ஆசியக் கிண்ணத்தில் மூன்றாம் இடம் பிடித்த குழுவும் எப்படி அடுத்த சுற்றுக்குப் போகிறது?

ஆசியக் கிண்ணம் என்பது ஆசிய நாடுகளின் தேசிய ஆண்கள் குழுக்கள் மோதும் காற்பந்துப் போட்டி. 2019லிருந்து 24 நாடுகள் ஆடுகின்றன. பிரிவுக்கு நான்கு என ஆறு பிரிவுகள்.

ஒவ்வொரு பிரிவிலும் முதல் இருவர் முன்னேறினால் 12 குழுக்கள்தான் வரும். சிக்கல் அங்கேதான். புளோக்குக்குக் கீழே 12 பேர் கேரம் போட்டி வைப்பதாக நினைத்துப் பாருங்கள். தோற்றவர் வெளியேற ஆறு பேர், அப்புறம் மூன்று பேர். அரையிறுதிக்கு ஓர் ஆள் குறையும். 16 என்றால் 8, 4, 2 என்று ஒழுங்காகக் குறையும். அதனால் மூன்றாம் இடத்தில் இருக்கும் ஆறு குழுக்களில் சிறந்த நான்கையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கத்தாரில் நடந்த கடந்த போட்டியில் இந்தோனேசியா இப்படித்தான் தப்பியது. ஜப்பானிடம் 3-1 எனத் தோற்று மூன்று புள்ளிகளோடு நின்றது. மறுநாள் ஓமானும் கிர்கிஸ்தானும் 1-1 எனச் சமநிலை கண்ட பிறகே இடம் உறுதியானது. தன் ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு இன்னொருவர் ஆட்டத்தைப் பார்த்துக் காத்திருப்பது கொடுமைதான். ஆனாலும் சிறிய நாடுகளுக்கு இந்த விதி பெரிய வாய்ப்பு என்பேன். 1984ல் ஏற்று நடத்திய நாடாக ஆடிய சிங்கப்பூர், தகுதிச்சுற்றில் வென்று, 2027ல் சவூதி அரேபியாவில் நடக்கும் போட்டிக்குப் போகிறது. நமக்கும் இது கைகொடுக்கலாம்.

மூன்றாம் இடக் குழுக்கள் தங்களுக்குள் தனியாக மோதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆட்டமே கிடையாது, முதலில் புள்ளிகளையும் அவை சமமானால் கோல் வித்தியாசத்தையும் ஒப்பிட்டே தேர்ந்தெடுக்கிறார்கள்.