வெளிநாட்டில் நடக்கும் புல்லாங்குழல் விழாவுக்குக் குடும்பத்தில் ஒருவருடன் போயிருக்கிறீர்களா? அனுபவம் எப்படி?

போயிருக்கிறேன். 2023 ஆகஸ்ட் 3 முதல் 6 வரை, அப்பாவுடன், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில். நேஷனல் ஃப்ளூட் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1972இல் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு ஊர் என்று மாற்றி மாற்றி மாநாடு நடத்துகிறார்கள். பெயர்தான் மாநாடு, உள்ளே போனால் திருவிழா.

அப்பா நாற்பது வருடமாகக் குழல் வாசிக்கிறவர். கச்சேரி செய்பவர் இல்லை. விடியற்காலையில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு தனக்குத்தானே வாசித்துக்கொள்ளும் ரகம். குழல் மேதைகள் மாலிக்கும் ரமணிக்கும் பிறகு இன்னொருவரை அவர் ஒப்புக்கொள்வதற்குள் நமக்கு வயதாகிவிடும். எனக்கு வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் ஆறு மாதம் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார், வெறும் காற்றுதான் வந்தது.

நான் செய்த பெரிய தப்பு, புறப்படும் முன்பே அட்டவணை போட்டது. காலை முதல் இரவு வரை ஒரே நேரத்தில் பல அரங்குகளில் கச்சேரி, மாஸ்டர் கிளாஸ், போட்டி, உரை என்று நடக்கும். ஒன்றையும் விடக்கூடாது என்று கலர் கலராகக் கோடு போட்டு வைத்திருந்தேன். முதல் நாள் பதினொரு மணிக்கு, மூன்றாவது நிகழ்ச்சியில், அப்பா தூங்கிவிட்டார். எழுப்பினேன். "ஏம்மா, ஆபீஸ் மீட்டிங்குக்கா கூட்டிக்கொண்டு வந்தாய்?" என்றார். அத்தோடு அட்டவணை பைக்குள் போய்விட்டது.

அப்புறம் கண்காட்சிக் கூடத்துக்குப் போனோம். குழல் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் வரிசையாக மேஜை போட்டிருப்பார்கள். வெள்ளி, தங்கம், பிளாட்டினம்கூட உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்து ஊதிப் பார்க்கலாம். எல்லோரும் ஒரே சமயத்தில் ஊதுவார்கள், ஒருவர் வாசிப்பதற்கும் பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. பத்து நிமிடத்தில் எனக்குத் தலைவலி. காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சாவது எடுத்துப் போங்கள். அப்பாவோ அந்தச் சத்தத்துக்குள் மூன்று மணி நேரம் காணாமல் போனார்.

கண்டுபிடித்தபோது அவர் கையில் ஒரு வெள்ளிக் குழல். இன்றைய மேற்கத்தியக் குழலுக்கு அடிப்படை, தியோபால்ட் போம் என்ற ஜெர்மானியர் 1847இல் அமைத்த வடிவம். துளைகளை விரல் நேரடியாக மூடாது, கீகள் என்ற மூடிகள்தான் மூடும். ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிப்பதுதான் கமகம். அதனால் "இதில் கமகம் எங்கே வரப்போகிறது" என்று ஊரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனால் அவர் எடுத்த குழலில் ஐந்து கீகளின் நடுவே ஓட்டை இருந்தது. அப்படி ஒரு வகை உண்டு. கீயை அழுத்தியபடியே விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அந்த ஓட்டையைத் திறக்கலாம், ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். அப்பாவுக்கு அதன் விரலமைப்பு எதுவும் தெரியாது. தடவித் தடவி தோடி ராகத்தின் ஒரே ஒரு காந்தார ஸ்வரத்தைப் பிடித்துவிட்டார். சரியான காந்தாரமா என்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தால் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். இவருக்கு ஆங்கிலம் தயக்கம், அவருக்குத் தோடி தெரியாது, இருந்தும் அரை மணி நேரம் ஓடியது.

மறுநாள் காலையில் அப்பாவின் ஐந்து கட்டைச் சுருதி மூங்கில் குழல் விரிசல் விட்டுவிட்டது.

தப்பு எங்களுடையதுதான். ஃபீனிக்ஸ் பாலைவன நகரம். அந்த ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை அங்கே 31 நாள் தொடர்ந்து வெயில் 43 டிகிரியைத் தாண்டியிருந்தது. விமானத்துக்குள்ளும் காற்று மிக வறட்சி, அறையில் விடாமல் ஏசி. மூங்கிலின் வெளிப்பக்கம் காய்ந்து சுருங்குகிறது. வாசிக்கும்போது உள்பக்கம் மூச்சின் ஈரத்தில் உப்புகிறது. இரண்டுக்கும் நடுவில் நார் பிளந்துகொள்ளும். வாய்த்துளைக்குப் பக்கத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். ஊதினால் கீழ் ஸ்தாயி வரவே இல்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் துணியில் சுற்றி வைத்தார். எனக்குத்தான் அழுகை வந்தது, அட்டவணை போட்ட நேரத்தில் இதைப் பற்றிப் படித்திருக்கலாமே என்று.

கூடத்தில் மரக்குழல் செய்யும் ஒருவரிடம் காட்டினோம். அவர் பதறவே இல்லை. விரிசலில் சூப்பர் க்ளூவை மெல்ல இறக்கி, மேலே நெருக்கமாக நூல் சுற்றி இறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நீங்கள் மூங்கில் குழல் கொண்டுபோவதாக இருந்தால் உள்ளே லேசாக எண்ணெய் தடவி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில், குழலில் படாமல் ஒரு ஈரப் பஞ்சுத் துண்டும் போட்டு, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சரக்குப் பெட்டியில் போடவே போடாதீர்கள். சுங்கத்தில் மூங்கில் பொருள் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கச்சேரிகளில் அப்பா முழுதாக உட்கார்ந்து கேட்டது குழல்கள் மட்டுமே சேர்ந்த ஒரு குழுவைத்தான். குட்டிப் பிக்கோலோ ஒரு ஓரம், மறு ஓரம் கான்ட்ராபேஸ் என்ற பெரிய குழல். அதன் குழாய் நீளம் இரண்டரை மீட்டருக்கும் மேல், மடித்து மடித்துத் தரையில் ஊன்றி நின்றபடி வாசிக்கிறார்கள். சாதாரணக் குழலுக்கு இரண்டு ஸ்தாயி கீழே பேசும். அது ஒலிக்கத் தொடங்கியதும் அப்பா என் கையைப் பிடித்து, "தம்புரா" என்றார். அப்புறம் முடியும் வரை பேசவில்லை.

மீதி நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை, பாதிக்கு மேல் நாங்கள் போகவே இல்லை.

நூல் கட்டிய அந்தக் குழல்தான் இன்றும் காலையில் கேட்கிறது. 2025 மாநாடு அட்லாண்டாவில் என்று சொன்னபோது, யார் வாசிக்கிறார்கள் என்று அப்பா கேட்கவில்லை. "அந்த ஊரில் மழை பெய்யுமா?" என்றுதான் கேட்டார்.