முதல் சொந்தக்காரர் விட்ட பணம்

கேள்வி: கோவையில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஓட்டுநர் உரிமம் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. கையில் 5 லட்சம் ரூபாய் இருக்கிறது. கடன் போட்டு 8 லட்ச ரூபாய்க்குப் புதுக் கார் எடுக்கச் சொல்கிறார் மைத்துனர். அதே மாடலில் நான்கு வயது வண்டி 5 லட்சத்துக்குள் கிடைக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாதம் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட மாட்டேன். பெங்களூரு பதிவு வண்டி ஒன்று 40,000 ரூபாய் மலிவாகவும் வருகிறது. எதை வாங்கலாம்?

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். மைத்துனர் முகம் சுளித்தால் முதல் சவாரியில் அவரையும் மருதமலைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

8 லட்சம் என்பது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம். அதாவது 1,04,000 ரூபாய். பதிவுக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்தால் 9 லட்சத்தைத் தாண்டிவிடும். உங்கள் 5 லட்சம் போக நாலரை லட்சம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வட்டி மட்டுமே 1,10,000 ரூபாய். வரியும் வட்டியுமாக இரண்டு லட்சத்துக்கு மேல் போகிறது. அதில் ஒரு ரூபாய்கூட காரின் உலோகத்துக்கு அல்ல.

அடுத்தது தேய்மானம். காப்பீட்டுக் கணக்கில் வண்டி ஓராண்டை எட்டும்போதே மதிப்பில் 15 சதவீதம் கழிந்துவிடும். மூன்றைத் தாண்டி நான்குக்குள் இருந்தால் 40 சதவீதம் கழிவு. 8 லட்சம் 4,80,000 ஆகிவிடுகிறது. சந்தை விலை இதே அளவில் இறங்காது. நல்ல பெயர் எடுத்த வண்டிகள் விலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனாலும் பெரிய சரிவு முதல் சில ஆண்டுகளில்தான். அதை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே தாங்கிவிட்டார், வாழ்நாள் வரியையும் கட்டிவிட்டார். தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை நீங்கள் வாங்கினால் பெயர் மாற்றக் கட்டணத்தோடு முடிந்துவிடும்.

புதிதாக ஓட்டுபவருக்கு இன்னொரு நிம்மதியும் உண்டு. உக்கடம் நெரிசலில் பம்பரில் விழும் முதல் கீறல் புதுக் காரில் விழுந்தால் அன்றிரவு தூக்கம் வராது.

விலை பேசும்போது ஒன்றை மறக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. விற்பவர் தம் பழைய பில்லைக் காட்டிப் பேசுவார். நீங்கள் இன்றைய ஷோரூம் விலையிலிருந்து பேசுங்கள். ஒன்றிரண்டு வயதே ஆன வண்டிக்குப் புது விலையை ஒட்டிக் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதற்குப் புதிதே மேல்.

2022-இலோ அதற்குப் பிறகோ தயாரானதையே தேடுங்கள். முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2021 டிசம்பர் 31-இல்தான். நூறு இருநூறு ரூபாய் சங்கதிகளில் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, காருக்கு டயர்தான் பல். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1422 என்றால் 2022-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். மீட்டர் 20,000 கிலோமீட்டர் காட்ட, நான்கு டயரும் போன வருடத்தவை என்றால் ஏன் என்று கேளுங்கள்; மீட்டரைக் குறைத்து வைத்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. கழுவித் துடைத்த வண்டி எந்த ஊரிலும் விற்பனைக்கு வரலாம். இவ்வளவும் பார்த்த பிறகு, விற்பவருக்கு வேண்டாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைச் சொல்லும் படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்பவர் இழுத்தடித்தால் ஒன்றை நினைவூட்டுங்கள்: விபத்து நேர்ந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பிறகு அவரே உங்களைத் துரத்துவார். காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு நிறுவனம் கையை விரித்துவிடும். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக அவருக்குக் கிடைத்த தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் கொஞ்சம் ஏறும்.

பெங்களூரு வண்டியை விட்டுவிடுங்கள். அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பிறகு தமிழ்நாட்டு வாழ்நாள் வரியைப் புதிதாகக் கட்ட வேண்டும். வண்டியின் வயதுக்கேற்ப அது குறையுமே தவிர இல்லாமல் போகாது. கர்நாடகத்தில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு அலைவது தனிக்கதை. நீங்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்த 40,000 ரூபாய் அந்த வரிக்கே போதாமல் போகலாம்.